மறு: மறு: பூச்சித் தீவனம் – யாருக்குத் தீவனம்?

தேன்சிட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முட்டைக்கோழி வளர்ப்பவர்களுக்கான 12 பக்கக் கையேடு ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கருப்புச் சிப்பாய் ஈ என்று சிலர் சொல்கிறார்களே, அதன் புழுவைக் காயவைத்துப் பொடித்து, சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் இவற்றில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்ப்பது பற்றியது. 'பூச்சித் தீவனம்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே அந்தப் புழுவுக்குப் போடும் காய்கறிக் கழிவும் தவிடும் வருகின்றன. அதுவும் பூச்சித் தீவனம்தானே? ஈ, புழு, தூள் மூன்றுக்கும் சொல் தாருங்கள்.

பழம்புலவன் எழுதியது:

அம்மா, வேற்றுமைத் தொகையில் சிக்கிவிட்டீர்கள். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எல்லாம் நான்காம் வேற்றுமை, மாட்டுக்குத் தீவனம். அந்த வரிசையில் பூச்சித் தீவனம் என்றால் பூச்சிக்கு இடுவதுதான். 'பூச்சியால் ஆகிய தீவனம்' என்று மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரிக்கலாம். இலக்கணம் இடம் கொடுக்கும், காது கொடுக்காது.

ஈக்கு என் முன்மொழிவு: காரீ. கருமை + ஈ. ஈறு போய், ஆதி நீண்டு, காராடு போல வருவது. 'சிப்பாய்' பாரசீக வழி வந்த சொல். ஓர் ஈக்காக அதைச் சுமக்கவேண்டுமா?

முட்டைக்காரன் எழுதியது:

ஐயா, மூட்டையில் 'காரீத் தூள்' என்று அச்சடித்தால் ஊரே காரீயத் தூள் என்றுதான் படிக்கும். கோழிக்குக் காரீயம் வைத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

தேன்சிட்டு, 'பூச்சித்தூள்' என்றும் போட்டுவிடாதீர்கள். உரக்கடைக்காரர் அதைப் பூச்சி மருந்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவார். 'புழு'வும் எங்களுக்குக் கொஞ்சம் இடிக்கிறது. கூண்டுக்குக் கீழே எருவில் புழு வைக்காமல் இருக்கத் தீவனத்தில் சைரோமசைன் என்ற மருந்தைக் கலக்கும் பண்ணைகள் உண்டு. காசு கொடுத்துப் புழுவைக் கொல்கிறவனிடம் போய், காசு கொடுத்துப் புழு வாங்கு என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் வாயில் வருவது 'பிஎஸ்எஃப்' (Black Soldier Fly என்பதன் முதலெழுத்துகள்), அவ்வளவுதான்.

கொல்லிமலையான் எழுதியது:

காரீயை விடுங்கள், எனக்குக் காரி நினைவு வருகிறது. கொல்லிமலை ஓரியைக் கொன்றவன் திருமுடிக்காரி. அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரி ஆண்ட மலைக்கு அடியில், நாமக்கல் பண்ணைகளில், அவனைக் கொன்றவன் பெயரிலா தீவனம்? (குறில் நெடில் வேறுபாடு தெரியும் புலவரே, எழுத வேண்டாம்.)

ஒரு செய்தி: இந்த ஈயின் உயிரியல் குடும்பப் பெயரிலேயே போர்வீரன் இருக்கிறான். கிரேக்கத்தில் படைவீரன், ஈ இரண்டும் சேர்ந்து ஸ்ட்ரேட்டியோமையிடே. ஆனால் பாவம், இந்த ஈ கடிக்காது, கொட்டாது, வீட்டு ஈ போலச் சோற்றில் வந்து மொய்க்கவும் செய்யாது.

பழம்புலவன் எழுதியது:

குறில் நெடில் பற்றி எழுதவில்லை. புழு பற்றி எழுதுகிறேன். புழை, புழல், புழு மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. துளைப்பதால் புழு. புழை என்றால் துளை, புழல் என்றால் உள்ளே துளையுள்ளது. எனவே 'புழு'வை இழிவாக நினைப்பது பிற்காலத்து வழக்கம்.

முட்டைக்காரன் எழுதியது:

இந்தப் புழு எதையும் துளைப்பதில்லை ஐயா. கழிவைக் கூழாக்கித் தின்னும். வளர்ந்து முடிந்ததும் கருத்துப்போய், தானே தீனியை விட்டு ஏறி வெளியே வந்துவிடும். அறுவடைக்கு அதுவே வசதி.

தேன்சிட்டு எழுதியது:

'பூச்சிப் புரதம்' எப்படி? ஐரோப்பிய ஒன்றியம் இதை 2017இல் மீன் வளர்ப்புக்கும் 2021இல் கோழி, பன்றிகளுக்கும் அனுமதித்தபோது புரதம் என்ற சொல்லைத்தான் வைத்தது. வேற்றுமைச் சிக்கலும் வராது.

கொல்லிமலையான் எழுதியது:

காய்ந்த புழுவில் புரதம் ஏறக்குறைய 40 சதவீதம்தான். கொழுப்பு நிறைய, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தோலில் கைட்டின் என்ற கடினப் பொருள். கொழுப்பு எடுக்காத தூளுக்குப் புரதம் என்று பெயர் வைத்தால் வாங்குபவர் கணக்கு தவறிவிடும். சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே என்று, அதற்காகக் கோழிக்குப் போடும் கிளிஞ்சலை நிறுத்திவிடவும் கூடாது, அதைக் கையேட்டில் ஒரு வரி போடுங்கள்.

பல்வைத்தியன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பண்ணைகளில் குஞ்சுக்கு 'மூக்கு வெட்டுவது' என்கிறார்கள். அது அலகு அல்லவா? அலகுக்குத் தாடை என்ற பொருளும் உண்டு. காதுக்கு முன்னால் கீழ்த்தாடை மண்டையோட்டில் சேரும் மூட்டை 'அலகு மூட்டு' எனலாமா? மூட்டழற்சியால் அது தேய்ந்து, வளரும் வயதிலேயே முகவாய் பின்வாங்கிய பிள்ளைகளுக்குத் தாடை அறுவை பற்றிய விளக்கத் தாள் எழுதுகிறேன். 'தாடை' என்றால் பாதிப் பேர் கன்னத்தைத் தொடுகிறார்கள். மூட்டழற்சியை 'முடக்குவாதம்' என்று எழுதினால் கைகால் விழுந்துவிடுமா என்று தாய்மார் பதறுகிறார்கள்.

பழம்புலவன் எழுதியது:

அலகு நல்ல சொல். ஆனால் திருவிழாவில் அலகு குத்துகிறார்களே! உங்கள் அறுவைக்கு வருபவர் வேல் எங்கே என்று தேடுவாரே?

மட்டுறுத்துநர் எழுதியது:

மருத்துவர் ஐயா, வாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

தேன்சிட்டு எழுதியது:

நாளை வெள்ளி. ஈக்கு 'கருப்புச் சிப்பாய் ஈ', முதல் இடத்தில் மட்டும் 'பிஎஸ்எஃப்' சேர்த்து. புழுவுக்குப் போடுவது 'புழுவுக்கு இரை'. கோழிக்குப் போவது 'உலர்புழுத் தூள்'. உலர்திராட்சையை யாரும் அருவருப்பதில்லை என்ற நம்பிக்கைதான். நான்கு பேர் சரி என்று தனிமடல் போட்டார்கள், அதில் இரண்டு பேர் 'எதையாவது போடு அம்மா' என்று.

பழம்புலவன் எழுதியது:

வினைத்தொகை, ஏற்கிறேன். சிப்பாயை ஏற்கவில்லை. என் வகுப்பில் காரீ என்றே சொல்வேன்.

முட்டைக்காரன் எழுதியது:

இடம் விட்டு 'உலர்புழுத் தூள்' என்றே அடிக்கச் சொல்லுங்கள் அக்கா. சேர்த்து அடித்தால் அவசரத்தில் 'புழுத்த தூள்' என்று படித்து மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழம்புலவன் எழுதியது:

தொகைச்சொல்லைப் பிரித்து எழுதுவதா?