முத்து, பவளம் ரெண்டும் போட்டுப் பாத்த எங்க வீட்டு அனுபவம், நீங்களும் சொல்லுங்க

எனக்கு முத்து, அம்மாவுக்கு பவளம். மூணு வருஷம் முன்னாடி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வராம முழிச்சே கிடப்பேன், ஜோசியர் சந்திரன் சரியில்ல முத்து போடுன்னாரு, வெள்ளில கட்டி ஒரு திங்கக்கிழமை சுண்டு விரல்ல போட்டேன். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிடுச்சு, ரத்தத்துக்கு செவ்வாய்தான்னு பவளம், தங்கத்துல மோதிர விரலுக்கு.

ஊறுகாய்க்கு 50 எலுமிச்சம்பழத்த மோதிரத்த கழட்டாமலே பிழிஞ்சேங்க, மறுநாள் பாத்தா முத்து சுண்ணாம்பு பூசுன மாதிரி வெளுத்துக் கெடக்கு, அழுகையே வந்துருச்சு. பத்தர்கிட்ட கொண்டு போனா "சிப்பி ஓடு எதால ஆனதோ இதுவும் அதாலதாம்மா, புளி எலுமிச்சை ஆகாது"ன்னாரு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன், பவளமும் அதே கால்சியம் கார்பனேட்தான், ரெண்டையும் கட்டுனது கடல்ல இருக்குற உயிருங்க. கல்லு எவ்வளவு கெட்டின்னு 10 வரைக்கும் மார்க் போடுற மோஸ் அளவுல நீலக்கல்லோட கடினம் 9, பவளம் 3லருந்து 4, முத்து 2.5லருந்து 4.5க்குள்ள. எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதே அளவு தண்ணியப் போல 2.7 மடங்கு. ஆனா முத்து மெல்லிசா அடுக்கடுக்கா படியறதால உள்ளருந்து ஒரு ஒளி வரும், பவளத்துல அது இல்ல, பாலிஷ் போட்டாத்தான் மின்னும், அந்த செவப்பு கேரட்டுல இருக்குற மாதிரி கரோட்டினாய்டு வகை நிறமி.

குணமாச்சான்னு கேட்டா, எனக்கு தூக்கம் வந்துச்சு, ஆனா அதே மாசம்தான் படுக்கையில போன் பாக்குறதையும் விட்டேன். அம்மாவுக்கு நாலு மாசத்துல 11.4 வந்துச்சு, அது டாக்டர் குடுத்த அயர்ன் மாத்திரைதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. முன்னாடி பாதி நாள் மறந்துடுவாங்க, இப்ப சாப்ட்டு கை கழுவும்போது செவப்பா பவளத்தப் பாத்ததும் மாத்திரை ஞாபகம் வந்துடுதுன்னு அவங்களே சொல்றாங்க, அதனால நான் கழட்டச் சொல்லவே இல்ல.

*

அக்கா நான் தூத்துக்குடி. எங்க தாத்தா முத்துக்குளிக்கப் போனவரு, 1961 சலாபம்தான் (முத்துக்குளிப்பு) கடைசி, சிப்பி கொறைஞ்சு போயி நின்னுடுச்சு. 1973ல எங்க ஊருலயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல வளர்ப்பு முத்து எடுத்தாங்க. இப்ப கடையில கிடைக்கிறதுல நிறைய சீனாவுல நன்னீர்ல வளர்த்தது, அதுவும் நெசமான முத்துதான், பல்லுல லேசா தேய்ச்சா நறநறன்னு இருக்கும், பிளாஸ்டிக்னா வழுக்கும். பவளத்த எங்க கடல்ல எடுத்ததுன்னு சொல்லி வித்தா நம்பாதீங்க, இங்க இருக்குறது பவளப்பாறை, அது வேற, மோதிரத்துக்கு வர்ற செம்பவளம் பெரும்பாலும் இத்தாலி பக்கம் மத்திய தரைக்கடல்ல எடுக்குறது.

*

என் பவளத்த பின்பக்கமா நெயில் பாலிஷ் ரிமூவர் பஞ்சால தொடச்சுப் பாத்தேன், பஞ்சு சிவந்து போச்சு, முழுக்க சாயம். 4000 ரூபா குடுத்தது மனசு ஆறல. இன்னொண்ணு, எங்க மாமியாரோட இருமலுக்கு சித்த டாக்டர் பவள பற்பம் தேன்ல குழைச்சு குடுத்தாரு, நல்லா கேட்டுச்சு, ஆனா அது பவளத்த சுத்தம் பண்ணி, நெருப்புல சுட்டு (புடம் போட்டு) பொடியா எடுக்குற மருந்து. மோதிரக் கல்ல தண்ணியில ஊறப்போட்டு அந்தத் தண்ணிய குடின்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு குடிச்சிராதீங்க, என்னோடது மாதிரி சாயக் கல்லா இருந்தா வயித்துக்குள்ள போறது சாயம்தான்.