ஜஸ்ட் இன் டைம்: சரக்கு குறைகிறதா, இடம் மாறுகிறதா?

பீன்யாக்காரன்
பெங்களூர் பீன்யாவில் ஆறு மெஷின் வைத்து டர்னிங் ஷாப், அதாவது கடைசல் பட்டறை, நடத்துகிறேன். வண்டிக்குப் போகும் ஒரு பித்தளை ஃபிட்டிங்தான் முக்கால்வாசி வேலை. போன வாரம் கஸ்டமர் கம்பெனியில் எங்களைப் போன்ற சப்ளையர்களைக் கூப்பிட்டு சப்ளை செயின் வகுப்பு எடுத்தார்கள். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. சரக்கைச் சேர்த்து வைப்பதே வீண், தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் வர வேண்டும், அதுதான் ஜஸ்ட் இன் டைம் என்றார்கள். அவர்கள் ஸ்டோரில் இப்போது 4 மணி நேரச் சரக்குதான் இருக்கிறதாம். கைதட்டல் வேறு.

இன்று என் ஷெட்டில் பித்தளை ராடு 1,100 கிலோ, முடித்துப் பெட்டி கட்டிய பீஸ் 6,000. ராடு மட்டுமே கிலோ 600 ரூபாய்க்கு மேல். அவர்கள் அசெம்பிளி லைன் நின்றால் நஷ்டத்தை என் பில்லில் கழிக்கும் டெபிட் நோட் என் பெயருக்கு வரும், அந்தப் பயத்தில்தான் இவ்வளவும். அவர்கள் ஸ்டோரில் காணாமல் போன சரக்கு என் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

சில்க்போர்டு சித்தன்
அண்ணே, நான் ஒரு கம்பெனியில் பிளானிங் பார்க்கிறவன், அதாவது உங்களுக்கு எதிர்க்கட்சி. பழியைத் தப்பான இடத்தில் போடுகிறீர்கள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த முறையில், தேவைக்கு மட்டும் இழுப்பது ஒரு பாதிதான். உற்பத்தியைச் சமன் செய்வது இன்னொரு பாதி, அதற்கு ஹெய்ஜுன்கா என்று பெயர். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டுவார்கள், சப்ளையருக்கும் அது முன்கூட்டியே தெரியும். உங்கள் கஸ்டமர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்பு நடத்துகிறார். தப்பு அவர்மேல், முறைமேல் இல்லை.

பீன்யாக்காரன்
முறை அவ்வளவு உசத்தி என்றால் 1997 பிப்ரவரியில் என்ன ஆனது தம்பி? பிரேக்குக்குப் போகும் ஒரு சின்ன வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுக்க ஐசின் கம்பெனிதான் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆலையில் தீப்பிடித்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான், ஜப்பானில் பெரும்பாலான லைன்கள் நின்றுபோயின.

சில்க்போர்டு சித்தன்
பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்களே. வால்வே செய்து பழக்கமில்லாத மற்ற சப்ளையர்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்கள் பட்டறையிலேயே கடைந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் லைன் ஓட ஆரம்பித்தது. சப்ளையரை டெபிட் நோட்டால் மிரட்டுகிற கம்பெனிக்கு அப்படி ஓடிவருவார்களா? அப்புறம், 2011 ஜப்பான் பூகம்பத்தில் பாடம் படித்து, எந்தப் பொருள் தடைபட்டால் மீள ரொம்ப நாள் ஆகுமோ அதற்கு மட்டும் இருப்பு வைக்கச் சொன்னார்கள். சிப்புகளை 2 முதல் 6 மாதத்துக்கு வைத்திருக்கச் சொன்னதால் 2021 தொடக்கத்தில் மற்றவர்கள் தவித்தபோது டொயோட்டா தாக்குப்பிடித்தது.

ஓசூர் எக்ஸ்பிரஸ்
அதே வருடம் செப்டம்பரில் டொயோட்டாவும் உலக அளவில் உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தைக் குறைத்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சித்தரே.

சில்க்போர்டு சித்தன்
உண்மைதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குவிப்பது தீர்வில்லை. அண்ணன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ராடு தினமும் எவ்வளவு ஓடுகிறது, ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருகிறது?

பீன்யாக்காரன்
தினம் 40 கிலோ. ஜாம்நகரிலிருந்து வருகிறது. வழக்கமாக 6 நாள், சில சமயம் 10.

சில்க்போர்டு சித்தன்
6 நாளுக்கு 240 கிலோ. தாமதமாகும் 4 நாளுக்கு 160 கிலோ, இதுதான் பாதுகாப்பு இருப்பு. ஆக, கையில் 400 கிலோவுக்கு வந்ததும் அடுத்த ஆர்டர் போட்டால் போதும். 1,100 கிலோ பயத்தில் வாங்கியது. வட்டி உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது.

ஓசூர் எக்ஸ்பிரஸ்
நான் லாரி ஆபீஸ். அந்த 6, 10 என்ற வித்தியாசம் எங்கே வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வண்டி ஓடும் நாள் ஏறக்குறைய ஒன்றுதான். 500 கிலோ ராடுக்குத் தனி லாரி யார் கொடுப்பார்கள்? பார்ட் லோடு. மற்ற சரக்கு சேர்ந்து வண்டி நிறையும்வரை அங்கே கோடவுனிலேயே கிடக்கும். அப்புறம் இங்கே பகலில் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு, காலையில் தவறவிட்டால் நைஸ் ரோடு பக்கம் ஓரங்கட்டிவிட்டு டிரைவர் சோறாக்க ஆரம்பித்துவிடுவார். அண்ணே, உங்கள் ஏரியாவிலேயே ராடு வாங்கும் இன்னும் இரண்டு ஷாப்புகளைச் சேர்த்து ஒரே நாளில் ஆர்டர் போடுங்கள். வண்டி சீக்கிரம் நிறையும்.

பீன்யாக்காரன்
இது நல்ல யோசனை. ஆனால் ராடு பாதிதான். முடித்த பீஸ் 6,000 ஏன் என்று கேட்கவில்லையே. வாராவாரம் வந்த ஆர்டரைப் போடுகிறேன், பாருங்கள்.
போன மாதம்: 3,200, 900, 4,800, 1,100.
இந்த மாதம்: 600, 5,100, 1,300, 2,900.
இதில் எந்த ஜஸ்ட், எந்த டைம்?

சில்க்போர்டு சித்தன்
கூட்டிப் பார்த்தேன். போன மாதம் 10,000, இந்த மாதம் 9,900. வண்டி விற்பனை ஆடவே இல்லை அண்ணே. ஆட்டம் முழுக்க நடுவில் உற்பத்தியானது. யாரோ ஒருவர் பயந்து கூட்டிப் போடுகிறார், அடுத்த வாரம் ஸ்டோர் நிறைந்ததும் வெட்டுகிறார். இதற்கு புல்விப் என்று பெயர். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனியில் பெரிய வீச்சு வருமே, அது. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் புராக்டர் அண்ட் கேம்பிள் டயப்பர். குழந்தைகள் தினமும் ஒரே அளவுதான் நனைக்கும், தீபாவளிக்கென்று கூடுதலாக நனைக்காது. ஆனாலும் கடை, விநியோகஸ்தர், கம்பெனி என்று மேலே போகப் போக ஆர்டர் தாறுமாறாக ஆடியது. நீங்கள் சாட்டை நுனியில் இருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். மாத அளவு தெரிந்தால் 6,000 பீஸ் தேவையே இல்லை, வாரம் 2,500 கொடுத்தால் முடிந்தது.

அல்சூர் அக்கா
கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். சரக்கும் தகவலும் பேசிவிட்டீர்கள், பணம் எங்கே? சப்ளை செயினில் மூன்றும்தானே ஓட வேண்டும். எத்தனை நாளில் பணம் தருகிறார்கள்?

பீன்யாக்காரன்
90 நாள் அக்கா. கேட்டால் சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.

அல்சூர் அக்கா
சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, உத்யம், இருக்கிறதா? குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006 சட்டப்படி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்போது வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள், கெடு தாண்டி வருடக் கடைசியில் பாக்கி வைத்தால் அந்தச் செலவை அவர்கள் அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. அவர்கள் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஓசூர் எக்ஸ்பிரஸ்
அக்கா, சட்டம் பேசினால் அடுத்த மாதம் ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போகும். பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

அல்சூர் அக்கா
அதனால்தான் வட்டி கேட்கச் சொல்லவில்லை. மாத ஆர்டரை உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும்போது இதையும் ஒரு வரி சேர்க்கட்டும். மெயிலில் கேளுங்கள் தம்பி. போனில் கேட்டால் சரி சார், சரி சார் என்பார்கள், கையில் ஒன்றும் மிஞ்சாது.

பீன்யாக்காரன்
மெயில் இன்றே போடுகிறேன். வாரம் 2,500, எட்டு வாரக் கணக்கையும் இணைக்கிறேன்.

சில்க்போர்டு சித்தன்
அப்படியே ராடையும் 400 கிலோ கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பீன்யாக்காரன்
700. 2021 டிசம்பரில் பீன்யா மேம்பாலத்தை மூடினார்கள். கனரக வண்டியை மறுபடி ஏறவிட 2024 ஜூலை ஆனது. அந்த இரண்டரை வருடம் கீழ் ரோட்டில் நின்றவன் நான், சில்க்போர்டு ஜங்ஷன் நெரிசலில் நின்றவன் நீ. 400 உன் கணக்கு.

சில்க்போர்டு சித்தன்
மேம்பாலம் மூடினால் தாமதம் மணிக்கணக்கில்தான் அண்ணே, 300 கிலோ கணக்கில் இல்லை.

பீன்யாக்காரன்
650.