பழுதான கருவியோடு விமானம் பறக்கலாமா? அனுபவப் பகிர்வு

சுங்கை சிப்புட் உறுப்பினர்:
பொங்கலுக்கு முன் கோலாலம்பூரிலிருந்து அம்மாவோடு திருச்சிக்குப் புறப்பட்டபோது, விமானத்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை. அம்மா இருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். வால் பகுதியிலுள்ள துணை எஞ்சின் வேலை செய்யவில்லை, வெளியிலிருந்து காற்று கொடுத்துத்தான் எஞ்சினை இயக்கப் போகிறோம் என்று விமானி அறிவித்தார். பழுது என்று தெரிந்தே கிளம்பலாமா? விவரம் தெரிந்த அண்ணன்மார் விளக்க வேண்டுகிறேன்.

அதே ஊரின் செம்பனைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பொறியாளர்:
தம்பி, உங்கள் கவலை நியாயமானது. அந்தத் துணை எஞ்சினை ஏபியு என்போம். தரையில் நிற்கும்போது மின்சாரமும் அழுத்தக் காற்றும் தருவது அதுதான். காற்று வண்டியைக் கொண்டுவந்து ஓர் எஞ்சினைக் கிளப்பிவிட்டால், அதிலிருந்து வரும் காற்றிலேயே மற்றதையும் கிளப்பலாம்.

எது பழுதானால் பறக்கலாம் என்பதை எம்இஎல் என்ற பட்டியல் சொல்கிறது. அந்த ரக விமானத்துக்கான மூலப் பட்டியலைவிட விமான நிறுவனத்தின் பட்டியல் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்கவே கூடாது. நம் நாட்டு நிறுவனங்களுக்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அதை அங்கீகரிக்க வேண்டும். பட்டியலில் பழுதுகள் வகை பிரிக்கப்பட்டிருக்கும்; சரிசெய்ய, பி வகைப் பழுதுக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120 நாள் தவணை; ஏ வகைக்குப் பட்டியலே தவணையைக் குறிப்பிடும். பழுதைப் பதிவேட்டில் எழுதிய நாள் கணக்கில் சேராது. விமானி அறையில் பழுதான கருவியின் பொத்தான் அருகே ‘இயங்காது’ என்று ஒட்டி, பதிவு எண்ணை மையால் எழுதுவோம். இந்தச் சிறு வேலையில் ஒரு நாளும் அலட்சியம் காட்டியதில்லை.

பட்டியல் அனுமதித்தாலும் இறுதி முடிவு கேப்டனுடையது. ஒரு பிற்பகல் வானிலை ரேடார் பழுதாகியிருந்தது. வழியில் இடிமழை எதிர்பார்க்கப்படாவிட்டால் பறக்கலாம் என்பது விதி, முன்னறிவிப்பிலும் இடிமழை இல்லை. ஆனால் கேப்டன் கண்ணாடி வழியே தித்திவங்சா மலைத்தொடர் மேல் திரண்ட மேகத்தைப் பார்த்துவிட்டு, ரேடாரைச் சரிசெய்யாமல் புறப்பட மாட்டேன் என்றார். பயணிகள் சிலர் கோபப்பட்டார்கள். நாங்கள் ரேடார் இருக்கும் மூக்குக் கூம்பைத் திறந்து வேலையில் இறங்கினோம். முடிப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த முடிவை இன்றுவரை மதிக்கிறேன்.

சுங்கை சிப்புட் உறுப்பினர்:
மிக்க நன்றி, அண்ணே. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் பறந்த அன்று அந்தப் பழுதுக்கு எத்தனையாவது நாள் என்று கேட்கிறார்.