குடிமைச் சமூகம் அரசுக்கு எதிர்முனையா, அதன் அங்கமா?

கேள்வி

அரசியல் கோட்பாடு படிக்கும்போது எனக்கு நெடுநாளாகத் தெளியாத ஓர் ஐயம்: குடிமைச் சமூகம், அதாவது அரசுக்கு வெளியே மக்கள் அமைக்கும் சங்கங்களும் அமைப்புகளும், அரசுக்கு எதிர்முனையா, அதன் அங்கமா? 1831-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில், மக்கள் தாமாகக் கூடி அமைக்கும் சங்கங்களே அரசு எல்லை மீறாமல் தடுக்கும் அரண் என்று கருதினார். முசோலினியின் சிறையிலிருந்து எழுதிய இத்தாலிய மார்க்சியர் கிராம்சியோ, அரசு என்பது வெளி அகழி மட்டுமே என்றும், அதைக் காக்கும் கோட்டை கொத்தளங்கள் குடிமைச் சமூகத்துக்குள்தான் இருக்கின்றன என்றும் வாதிட்டார். இன்றைய அமைப்புகளை இவர்களில் யாருடைய பார்வையில் மதிப்பிடுவது?

மறுமொழி 1

ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1980 ஆகஸ்டில் போலந்தின் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்து வேலைநிறுத்தத்தில் பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்தனர். அரசை எதிர்த்து எழுந்த குடிமைச் சமூகத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால், அந்தச் சங்கமே பதிவு கேட்டு நீதிமன்றத்துக்குத்தான் போனது. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்கும் வாசகம் ஒன்றை வார்சா நீதிமன்றம் சங்க விதிகளுக்குள் தானாகவே நுழைத்துப் பதிவு செய்தது. சங்கம் வேலைநிறுத்தம் அறிவிக்கப்போவதாக எச்சரித்த பிறகு, நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை நீக்கி, வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த க்தான்ஸ்க் ஒப்பந்தத்தின் பகுதியைப் பின்னிணைப்பாக வைத்துக்கொள்ளும் சமரசத்தை ஏற்றது. ஒரே ஒரு வாசகத்துக்காக இத்தனை இழுபறி நடந்ததற்குக் காரணம், அரசின் பதிவேட்டில் ஏறாமல் அந்தச் சங்கம் வெளிப்படையாக இயங்க முடியாது என்பதுதான். 1981 டிசம்பர் 13-இல் இராணுவச் சட்டம் வந்தது; மறு ஆண்டு புதிய சட்டம் ஒன்றின் மூலமாகவே சங்கம் கலைக்கப்பட்டது. தன்னை எதிர்ப்பவர்கள் எங்கே நிற்கலாம் என்பதைக்கூட அரசே வரையறுக்கிறது. (1989-இல் சாலிடாரிட்டியின் ஆலோசகர் மசோவியேட்ஸ்கி பிரதமரானபோது, சங்கம் எந்தப் பக்கம் என்ற கேள்வி இன்னும் குழம்பியது.)

மறுமொழி 2

டோக்வில்லைக் காட்டிச் சங்கங்களின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருப்போருக்கு ஒரு சொல். 1920-களின் ஜெர்மனியில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. அங்கிருந்த செறிவான சங்க வாழ்க்கை நாஜிகளுக்கு ஆட்களையும் தொடர்புகளையும் தேடித் தரும் வலைப்பின்னலாகவே பயன்பட்டது என்று அரசியல் அறிஞர் ஷெரி பெர்மன் 1997-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். முழுவதும் ஏற்காவிட்டாலும், அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

மறுமொழி 3

முதல் மறுமொழியாளர் சொன்ன பதிவேடு விஷயம் இன்றும் பழைய கதையாகிவிடவில்லை. வெளிநாட்டு நிதி பெற்று அரசியல் பணியில் ஈடுபடும் அமைப்புகள் தம்மை 'வெளிநாட்டு முகவர்' என்று பதிந்துகொள்ள வேண்டும் என ரஷ்யா 2012-இல் சட்டம் இயற்றியது. ஸ்டாலின் காலத்து அடக்குமுறையை ஆவணப்படுத்தி வந்த மெமோரியல் அமைப்பைக் கலைக்குமாறு 2021 டிசம்பர் 28-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, வழக்கின் மையக் குற்றச்சாட்டு அந்த அமைப்பு தன் வெளியீடுகளில் 'வெளிநாட்டு முகவர்' என்ற முத்திரையை இடவில்லை என்பதே. தடியடி தேவைப்படவில்லை, படிவமே போதுமானதாக இருந்தது. நிதியின் மூலத்தைக் கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பதில்: ஓர் அமைப்பு அரசை எவ்வளவு உரக்க எதிர்க்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. அதன் பதிவை நீக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அந்த முடிவை எதிர்த்து அரசைச் சாராத ஒரு நீதிமன்றத்தில் முறையிட வழி உண்டா என்பதையே முதலில் பார்ப்பேன்.