ஒரே இழையில் இரண்டு துணிக்கைகள்: உள் இழுவையை எப்படி விளக்குவது?

வணக்கம் ஆசிரியர்களே. ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு உயர்தர பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒப்பமான கிடை மேசையில், மையத்தில் கட்டிய இலேசான இழை, 0.5 மீற்றரிலும் 1 மீற்றரிலும் தலா 0.2 கிலோகிராம் துணிக்கை. இழை மையத்தைச் சுற்றும் சீரான கோணவேகம் செக்கனுக்கு 4 ஆரையன்.

வெளித் துண்டின் இழுவை 3.2 நியூட்டன். அதில் சிக்கலில்லை. உள் துண்டுக்குத்தான் பிள்ளைகள் 1.6 என்கிறார்கள். உள் துணிக்கையை வெளித் துண்டு வெளிப்பக்கமாக இழுக்கிறதே! உள் துணிக்கையின் மையநாட்ட விசை (வட்டத்தில் சுற்றவைக்கும், மையம் நோக்கிய விசை) இரு இழுவைகளின் வித்தியாசம், ஆகவே 4.8. சமன்பாட்டை எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் மனதில் பதியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள், விட மனமில்லை.

வகுப்பிலேயே செய்துகாட்டக்கூடிய எளிய பரிசோதனை ஏதும் இருக்கிறதா? கூம்பு ஊசலுக்கும் (இழையில் தொங்கியபடி கிடை வட்டத்தில் சுற்றும் குண்டு) தமிழ்மூலப் பயிற்சிகள் இருந்தால் அனுப்புங்கள்.