வலை இறுகிய பங்குனி ஆமை கரையில் கிடக்கிறது. கடலில் விடலாமா?

கோடியக்கரைத் தம்பி:
அவசரம். வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர்க் கரையில் விடியற்காலை ஒரு பங்குனி ஆமை உயிரோடு ஒதுங்கியது. இடது முன் துடுப்பில் பச்சை நைலான் வலை இறுகிச் சதை தெரிகிறது. தலையைத் தூக்குகிறது, நகரவில்லை. "கடல்ல விட்டா அதுவே பிழைச்சுக்கும்" என்கிறார்கள் பெரியவர்கள். அம்மா அண்டாவில் கடல் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். கையில் இருந்த ஒரு எண்ணுக்கு இரண்டு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. என்ன செய்ய?

ஆமைநடை அக்கா:
தம்பி, கடலில் விடாதே. அண்டாவிலும் இறக்காதே. ஆமை மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. சோர்ந்துபோன ஆமையால் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்க முடியாது, ஒரு முழத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.

நிழலில், ஈர மணலில், வயிறு கீழே இருக்கும்படி வை. மல்லாத்தாதே. ஓட்டின் மேல் ஈரச் சாக்கு போடு, மூக்கை மூடாதே. வாயில் தண்ணீரும் மீனும் வேண்டாம். நாய்களை விரட்டு. தொங்கும் வலையை மட்டும் கத்தரித்துவிடு. சதைக்குள் புதைந்ததை இழுத்தால் ரத்தம் கொட்டும், அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

2011 பிப்ரவரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமைநடை (முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கரையோரம் நடப்பது) போனபோது இதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து தூக்கி அலைக்குள் விட்டோம், கைதட்டினோம். மறுநாள் காலை ஒரு கிலோமீட்டர் தள்ளி செத்து ஒதுங்கியிருந்தது. கழுத்தில் நாங்கள் அறுக்காமல் விட்ட நீலக் கயிறு இருந்தது, அதனால்தான் அடையாளம் தெரிந்தது. இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது நடை தளர்ந்துவிடும்.

1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் உயிர் இது. நல்ல மனசோடு செய்தாலும் வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. வனச்சரக அலுவலகத்துக்கு ஒருவரை நேரில் அனுப்பு. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கும் சொல்.

செவுள்வலைக்காரர்:
அக்கா சொல்வது சரி. முன்பு நான் விசைப்படகில் போனவன். படகு இழுத்துப் போகும் இழுவலையில் அசையாமல் வரும் ஆமையைச் செத்துவிட்டது என்று அப்படியே தள்ளிவிடுவோம். ஒருமுறை ஒன்றைப் பின்பக்கம் அரை அடி உயரும்படி கட்டை கொடுத்து நிழலில் போட்டு வைத்தேன். நாலு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தது. 24 மணி நேரம் வரை கூட வைத்துப் பார்க்கலாமாம். அதற்கு முன் எத்தனை உயிரோடு இருந்ததைத் தள்ளினேனோ என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமை முட்டையிட வருவதோ ஜனவரியிலிருந்து. அதனால் தடைக்காலம் இதுகளைக் காப்பாற்றாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முட்டையிடும் கரைகளை ஒட்டி 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்ற விதிதான் காப்பாற்றும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோமே. நம் ஆட்களிடம் நாமே பேச வேண்டும்.

கோடியக்கரைத் தம்பி:
மதியம் இரண்டு மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போனது. அதுவரை அம்மா சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தார். வால் குட்டையாக இருப்பதைக் காட்டி, பெண் ஆமை என்றார் மருத்துவர். துடுப்பை எடுக்க வேண்டி வரலாம், ஒன்று போனாலும் நீந்தப் பழகிவிடும் என்றார். எங்கள் பெரியப்பாதான் முதலில் தள்ளிவிடச் சொன்னவர். கடைசியில் வண்டியில் ஏற்ற அவரும் ஒரு பக்கம் பிடித்தார். வெட்டிய வலைத் துண்டு என்னிடம் இருக்கிறது.

செவுள்வலைக்காரர்:
தூக்கிப் போட்டுவிடாதே தம்பி. கண்ணி எத்தனை விரல் அகலம் என்று அளந்து எழுது, எந்த வலை என்று சொல்கிறேன்.