பர்ச்சேஸ், கான்ட்ராக்ட் படிக்கிறவங்க உங்களுக்கு நடந்தத சொல்லுங்க, மொதல்ல நான் சொல்லுதேன்

கருங்கல்காரி:
அப்பாக்கு சின்னதா ஒரு எண்ண மில்லு. நான் வேலைக்கு போயிட்டே தபால் வழியில பர்ச்சேஸும் கான்ட்ராக்ட் மேனேஜ்மென்டும் படிக்கேன்.

நான் பிளஸ் டூ படிக்கப்ப நடந்தது இது. எடவப்பாதி மழ ஊத்துது, மில்லுல ஷாப்ட், அதாவது மிஷின சுத்த வைக்கிற இரும்புத் தண்டு, ஒடஞ்சு போச்சு, நாகர்கோவில்ல ஒரு லேத்துல குடுத்தோம். மூணு நாள்ல தாறேன்னவரு பதினொண்ணாம் நாளு தான் தந்தாரு, அதுக்குள்ள வாங்கிப் போட்ட கொப்பரை பூரா பூப்பு புடிச்சு நாறிப் போச்சு. அப்பா நட்டம் கேக்கப் போனா, "மில்லு நிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீரா"ன்னு கேட்டு அனுப்பிட்டாரு. அப்பா அன்னைக்கி ராத்திரி சாப்பிடல்ல. எனக்கு அந்த ஆளு மேல வருசக்கணக்கா கோவம்.

போன மாசம் கான்ட்ராக்ட் சட்ட பாடத்துல ஹாட்லி கேஸ் வந்துச்சு, 1854, இங்கிலாந்துல. மாவு மில்லு, ஷாப்ட் ஒடஞ்சு போச்சு, அத வண்டியில கொண்டு போறவங்க லேட் பண்ணிட்டாங்க, மில்லு நின்னு போச்சு. படிக்கப் படிக்க கை நடுங்கிச்சு, அப்படியே எங்க வீட்டு கத! கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னா, மில்லுல ஸ்பேர் ஷாப்ட் இருக்கும்னு தான் கொண்டு போறவங்க நெனச்சிருப்பாங்க, இது இல்லாட்டி மில்லே ஓடாதுன்னு முன்னமே தெரிவிக்காம மில்லு நின்னதால போன லாபத்த கேக்க முடியாதுன்னு. நம்ம 1872 ஒப்பந்த சட்டத்துல 73ஆம் பிரிவும் அதே தான், சாதாரணமா வராத இந்த மாதிரி நட்டத்த கேக்கணும்னா, ஒப்பந்தம் போடும்போதே அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். லேத்துக்காரரு கேட்டதுல ஞாயம் இருந்துருக்குன்னு அன்னைக்கி தான் வெளங்குச்சு. லேட் பண்ணினது தப்பு தான், ஆனா கொப்பரைக்கு பைசா கேக்க எங்க கையில ஒண்ணுமே இல்ல.

தக்கலை ஸ்டோர்:
வாசிச்சு மனசு கனத்துப் போச்சு மக்கா. எனக்கு நடந்தது சின்னது. ஆஸ்பத்திரி ஸ்டோர்ல சேந்த புதுசு, கிளவுஸ் 50 பெட்டின்னு சலான்ல இருந்துச்சு, எண்ணாம கையெழுத்து போட்டேன், உள்ள 46 தான், பில்லும் பாஸாயிட்டு. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, பில்லு மூணையும் ஒத்துப் பாக்கணும்னு பொறவு தான் படிச்சேன். இப்போ டிரைவர் எவ்ளோ அவசரப்பட்டாலும் எண்ணிட்டு தான் பேனாவ எடுப்பேன்.

குளச்சல்:
அக்கா, அப்போ லேட் ஆனா நாளுக்கு 500 ரூவான்னு முன்னமே எழுதி வாங்கிட்டா அப்படியே கெடைக்குமா?

கருங்கல்காரி:
அப்படியே கெடைக்கும்னு இல்ல தம்பி. 74ஆம் பிரிவு பாரு, எழுதின தொக தான் உச்சம், அதுக்குள்ள ஞாயமானத தான் கோர்ட்டு தரும். ஆனாலும் எழுதி வாங்கு. அப்பா இப்போ லேத்துல குடுக்குற சீட்டுலயே "ஸ்பேர் இல்ல, இது வாற வர மில்லு ஓடாது, கொப்பரை கெடும்"னு எழுதி, அவங்க கையெழுத்தும் வாங்கிட்டு தான் ஷாப்ட கீழ எறக்குவாரு.